கேஸ் கீசரில் தண்ணீர் சூடாகவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன்பு பார்க்க வேண்டியவை



மார்கழி, தை மாதங்களில் நம் குண்டடம் பக்கம் விடியற்காலைக் குளிர் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. சுபுஹுக்கு எழும் பெரியவர்களுக்கு ஒளுச் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். பனியன் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிப்பதற்குள் வீட்டில் நான்கு பேர் குளித்தாக வேண்டும். பிள்ளை பெற்ற வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சரியாக இந்த நாட்களில்தான் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசர் மக்கர் பண்ணுகிறது. குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வருகிறது. அல்லது இரண்டு நிமிடம் சூடாக வந்துவிட்டு நின்றுபோகிறது.

நம் வீடுகளில் முன்பெல்லாம் புழக்கடையில் ஒரு செம்பு பாய்லர் இருக்கும். தென்னமட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டு எரிப்போம். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் கேஸ் கீசரையே ‘கேஸ் பாய்லர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. பழைய பாய்லர் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்கும். கேஸ் கீசரில் தண்ணீர் தேங்குவதே இல்லை. உள்ளே செப்புக் குழாய் ஒன்று வளைந்து வளைந்து போகிறது; கீழே தீ எரிகிறது; குழாய்க்குள் ஓடும் தண்ணீர் ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாகி வெளியே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளுக்குக் காரணம் நமக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய கீசரில் சூடு குறைவதற்கான காரணங்களில் சில, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்தானவை. அதைப் பின்பகுதியில் விரிவாகச் சொல்கிறோம். அவசரத்தில் இருப்பவர்கள் முன்பகுதியை விட்டுவிட்டாலும் அந்தப் பகுதியைப் படிக்காமல் விடவேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் கீசருக்குள் தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. கீழ்ப்பக்கம் வால்வுக்குள் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை டயாபிராம் என்பார்கள். தண்ணீரின் அழுத்தம் இந்த ரப்பரைத் தள்ளும். ரப்பர் ஒரு சிறு ஊசியைத் தள்ளும். ஊசி ஒரு ஸ்விட்சைத் தட்டும். உடனே பேட்டரியிலிருந்து கரண்ட் பாய்ந்து ‘டிக் டிக் டிக்’ என்று தீப்பொறி விழும். அதே நேரத்தில் கேஸ் வால்வும் திறக்கும். தீ பற்றிக்கொண்டதா என்று பார்க்க பர்னருக்கு மேலே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் சென்சார். சில விநாடிகளுக்குள் தீ பற்றியது அதற்குத் தெரியவில்லை என்றால் கேஸை அடைத்துவிடும்.

ஆகவே பழுதைக் கண்டுபிடிக்க முதல் கருவி நம் காதுதான். குழாயைத் திறந்துவிட்டுக் கீசருக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். டிக் டிக் சத்தம் வருகிறதா? வரவில்லை என்றால் பிரச்சினை தண்ணீரிலோ பேட்டரியிலோ இருக்கிறது. சத்தம் வருகிறது, தீ பற்றவில்லை என்றால் கேஸ் வரத்தில் கோளாறு. அல்லது பேட்டரி பாதி இறங்கியிருக்கிறது. தீ பற்றிச் சில விநாடிகளில் அணைகிறது என்றால் சென்சார் கம்பியில் கரி படிந்திருக்கலாம், அல்லது அது இடம் விலகியிருக்கலாம். தீ நன்றாக எரிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் அது வேறு கதை, பிறகு வருகிறோம்.

பேட்டரியை முதலில் மாற்றுங்கள். பெரும்பாலான கீசர்களில் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் இரண்டு இருக்கும். ஒன்று ஒன்றரை வோல்ட், இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். "டிக் டிக் சத்தம் வருகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தீப்பொறி போடக் கொஞ்சம் கரண்ட் போதும்; கேஸ் வால்வைத் திறந்து பிடித்து வைத்திருக்க அதைவிட அதிகம் வேண்டும். பாதி தீர்ந்த செல்லில் சத்தம் வரும், தீ வராது. இரண்டு செல்லையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடக்கூடாது. செல் போடும் பெட்டிக்குள் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஈரம் படும் இடத்தில் இது அடிக்கடி வரும். பல மாதங்கள் கீசரைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது தண்ணீர் அழுத்தம். டேங்க் மொட்டை மாடியில் தரையோடு தரையாக இருந்து, கீசர் அதே மாடியில் இருந்தால் அந்த ரப்பரைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் கிடைக்காது. கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். குறைந்தபட்ச அழுத்தம் என்று பல கீசர்களில் 0.02 அல்லது 0.025 எம்.பி.ஏ. என்று போட்டிருக்கும். நம் கணக்கில் சொன்னால், டேங்கிலுள்ள தண்ணீர் மட்டம் கீசரைவிட ஏறக்குறைய 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது கீசர் எரிகிறது, பாதி இறங்கியதும் எரிய மறுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே கீசரில் ஒரு குறையும் இல்லை. டேங்குக்கு அடியில் ஒரு மேடை கட்டி உயர்த்தினால் தீர்ந்துவிடும்.

அழுத்தம் முன்பு சரியாக இருந்து இப்போது குறைந்திருக்கிறது என்றால், தண்ணீர் கீசருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். டேங்க் கழுவிய மறுநாள் கீசர் நின்றுபோனால் அநேகமாக இதுதான். முதலில் சிலிண்டரை மூடுங்கள். கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வை அடைத்து, ஹோஸைத் திருகிக் கழற்றினால் வலை கையில் வரும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடலாம். ஷவரின் துளைகளில் உப்பு அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான். ஷவரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் திறந்து பாருங்கள். கீசர் எரிந்தால் குற்றவாளி ஷவர்.

யாரும் எளிதில் சந்தேகப்படாத ஒன்று மிக்ஸர் குழாய். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து வரும் அமைப்பில் உள்ளே வாஷர் தேய்ந்துபோனால், பச்சைத் தண்ணீர் வெந்நீர்ப் பக்கம் புகுந்து எதிர்த்துத் தள்ளும். அப்போது கீசர் வழியாகத் தண்ணீர் சரியாக ஓடாது. பச்சைத் தண்ணீரை அதன் கேட் வால்விலேயே அடைத்துவிட்டு வெந்நீரை மட்டும் திறந்து பாருங்கள். அப்போது கீசர் எரிந்தால் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

இதுவரை சொன்னவை நாமே பார்க்கக்கூடியவை. ரப்பர் டயாபிராம் மாற்றுவதும் சென்சாரைச் சரிசெய்வதும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. டயாபிராம் விலை குறைந்த பொருள்தான். சில ஆண்டுகளில் ரப்பர் இறுகிவிடும் அல்லது ஓட்டை விழும். ஆனால் அது கேஸ் வால்வை ஒட்டி இருப்பதால் வீடியோ பார்த்துக்கொண்டு வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம். கேஸ் பக்கத்து எந்தத் திருகையும் நாம் தொடக்கூடாது. ஹோஸ் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் நம் வேலை. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது கூடவே கூடாது.

இரண்டு அறிகுறிகளைக் கண்டால் அந்த நிமிடமே சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். ஒன்று, குழாயை அடைத்த பிறகும் கீசரில் தீ எரிந்துகொண்டிருப்பது. ஊசி சிக்கிக்கொண்டால் இப்படி ஆகும். ஓடாத தண்ணீர் குழாய்க்குள்ளேயே கொதிக்கும். இரண்டு, தீ உடனே பற்றாமல் தாமதித்து ‘பட்’டென்று வெடிப்பது போலப் பற்றுவது. அதற்குள் கேஸ் சேர்ந்துவிட்டது என்று பொருள். இன்று ‘பட்’ என்றது நாளைக்கு முகத்தில் அடிக்கும்.

தீ எரிகிறது, சூடு போதவில்லை

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கீசர் ஒரு நிமிடத்துக்குத் தரும் சூடு ஏறக்குறைய ஒரே அளவுதான். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும்போது தண்ணீரின் சூட்டை 25 டிகிரி உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் டேங்கில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 55 டிகிரியில் வரும். கை வைக்க முடியாது. மார்கழியில் 20 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 45 டிகிரியில்தான் வரும். பக்கெட்டில் விழுந்து ஆறுவதற்குள் வெதுவெதுப்புதான் மிஞ்சும். கீசரில் கோளாறு எதுவும் இல்லை. தண்ணீர் ஓட்டத்தை 4 லிட்டராகக் குறைத்தால் அதே தீயில் 37 டிகிரி வரை உயரும். ஆகவே குளிர்காலத்தில் தண்ணீர்த் திருகைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். சில கீசர்களில் சம்மர், வின்டர் என்று ஒரு திருகு இருக்கும். சம்மரில் பர்னரில் ஒரு பகுதிதான் எரியும். அது சம்மரிலேயே கிடப்பதால் மெக்கானிக்குக்குக் காசு கொடுத்த வீடுகள் உண்டு.

அடுப்பு நன்றாக எரிகிறது, கீசரில் மட்டும் தீ சோர்ந்து எரிகிறது என்றால் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். மேலே சொன்ன அளவு வெந்நீருக்குக் கீசர் மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸ் இழுக்கும். அது ஒரு அடுப்பு பர்னர் இழுப்பதைப் போலப் பல மடங்கு. 14.2 கிலோ சிலிண்டர் தீரப்போகிற நேரத்தில், அதிலும் குளிர் நாளில், உள்ளே இருக்கும் திரவம் அவ்வளவு வேகமாக ஆவியாக முடியாது. அடுப்புக்குப் போதும், கீசருக்குப் போதாது. இதே கணக்கில், பத்து நிமிடக் குளியல் ஒன்றுக்கு 150 முதல் 180 கிராம் கேஸ் செலவாகிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு சிலிண்டர் கீசருக்கு மட்டும் என்றால் எண்பது குளியல் அளவுதான் வரும்.

இனி நம் ஊருக்கே உரிய பிரச்சினை: உப்புத் தண்ணீர். குழாயில் வரும் குடிநீரைக் குளிக்க யாரும் செலவழிப்பதில்லை; போர் தண்ணீர்தான் கீசருக்குப் போகிறது. பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவு செப்புக் குழாய்க்குள்ளும் படிகிறது. சூடு ஏற ஏற வேகமாகப் படியும். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும். சுண்ணாம்புப் படிவு கடத்தாது. தீ முன்பு போலவே எரிந்தும் தண்ணீருக்குச் சூடு ஏறாது. ஏறாத சூடு செம்பிலேயே தங்கி, குழாய் அளவுக்கு மீறிச் சுடும். அப்போது ஓவர்ஹீட் சென்சார் கேஸை அடைக்கும். குளித்துக்கொண்டிருக்கும்போது இடையில் கீசர் அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (இன்னொரு காரணம், பல கீசர்களில் 20 நிமிடம் ஆனதும் தானாகவே அணையும் டைமர் இருப்பது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.)

உப்புப் படிவைக் கரைக்க வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலைக் குழாய்க்குள் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் அலசுவார்கள். கேஸை மூடிக் கீசரைக் கழற்றிச் செய்யும் வேலை இது. நம் பக்கத்துத் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும் முன்பு செய்துவிடுவது நல்லது. அவசரத்துக்குக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு போகும்; கூடவே செப்புக் குழாயின் மூட்டுகளும் அரித்துப் போகும். அடுத்த மாதமே கீசர் ஒழுகும். கீசரின் சூட்டைக் கடைசி எல்லை வரை ஏற்றி வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட, வேண்டிய சூட்டுக்குத் திருகை வைத்துக் குளித்தால் படிவும் குறையும், கேஸும் மிச்சம்.

சூடு குறைவதும் விஷவாயுவும்

செப்புக் குழாயின் உள்ளே உப்பு படிவது போல வெளியே கரி படிகிறது. தீக்கு மேலே மெல்லிய செப்புத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். எரிந்த புகை அவற்றின் இடைவெளி வழியாகத்தான் மேலே போக வேண்டும். பர்னர் துளைகளில் தூசியும் சிலந்தி வலையும் அடைத்தால் காற்று சரியாகக் கலக்காது, தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரியும், கரி கக்கும், கரி தகடுகளுக்கு இடையே அடைக்கும், புகை போக வழி குறையும், தீ இன்னும் மோசமாக எரியும். நம் வீடுகளில் வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றே ஒன்று: "முன்ன மாதிரி தண்ணி சுடல." உள்ளே நடப்பது, கீசர் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைக் கக்கிக்கொண்டிருப்பது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் அதில் சேர்த்திருக்கும் மருந்தின் நாற்றம் நம்மை எழுப்பிவிடும். எரிந்த பிறகு உண்டாகும் கார்பன் மோனாக்சைடில் அந்த நாற்றம் இருக்காது. "கேஸ் வாடையே வரலையே" என்பது இங்கே ஆறுதல் தரும் செய்தி இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளுதல். சுதாரித்துக் கதவைத் திறக்கலாம் என்று நினைக்கும்போது கை வராது. கீசர் நன்றாக நீலமாக எரிந்தாலும், அடைத்த சின்ன அறையில் ஆக்சிஜன் தீரத் தீர இதே நிலைக்குத்தான் வந்து சேரும்.

இது எங்கோ வெளிநாட்டில் நடப்பது இல்லை. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டத்தில் சகோதரிகள் இருவர் ஒரே குளியலறையில் மயங்கி விழுந்து இறந்தார்கள். கேஸ் கீசர் வாயுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. 2023 மார்ச்சில் ஹோலிப் பண்டிகை முடிந்து வண்ணம் கழுவக் குளிக்கப்போன தம்பதிகள் மும்பையிலும், டெல்லிக்கு அருகில் காசியாபாத் மாவட்டத்திலும் குளியலறையிலேயே இறந்துகிடந்தார்கள். அங்கும் சந்தேகம் கீசர் மீதுதான் விழுந்தது. ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தே நம் நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். குளியலறையில் மயங்கி விழுந்து கை கால் இழுத்தவர்களை வலிப்பு நோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்து, பிறகு வீட்டில் கேஸ் கீசர் இருப்பது தெரியவந்து காரணம் புரிந்த நிகழ்வுகள் உண்டு. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது குளிக்கும்போது மயங்கினால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளைப் பற்றி வெளிப்படையாக ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. பெண்கள் குளிக்கும் அறை என்பதால் மறைவுக்காக வெண்டிலேட்டரில் அட்டையை வைத்து அடைத்திருக்கிறோம். ஆடிக் காற்றில் மண் வருகிறது என்று சிலர் அடைத்தார்கள். பனிக்காக இன்னும் சிலர் அடைத்தார்கள். எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. காற்றாலை நட்டு வைக்கும் அளவுக்குக் காற்றடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, குளியலறைக்குள் காற்று இல்லாமல் சாவது என்ன நியாயம்? மறைவு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குச் சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் வைத்த வெண்டிலேட்டர் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் உள்ளே தெரியாது, காற்று போகும். கதவின் அடியிலும் காற்று நுழைய இடைவெளி வேண்டும்.

ஆனால் சரியான வழி, கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுவதுதான். வெளிச்சுவரில், மழை படாத கூரைக்கு அடியில், காற்று நேராகத் தீயில் மோதாத பக்கமாக மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் போதும். ஒரு சுவர் துளையும் சில அடி குழாயும்தான் செலவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். நம்மில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குடியிருப்பவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதுவரை உள்ளேதான் கீசர் இருக்கிறது என்றால், கதவைத் திறந்து வைத்து முதலில் பக்கெட்டை நிரப்புங்கள். கீசரை அணையுங்கள். சற்று நேரம் விட்டுப் பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். ஓடுகிற கீசருக்கு அடியில் நின்று ஷவரில் குளிப்பது வேண்டாம். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது கடைசியாகப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். நம் வீடுகளில் பெரும்பாலும் அது அம்மாதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குகிறவர்கள், அறையின் எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று அதன் அட்டையில் சொல்லியிருப்பதைப் படித்து மாட்டுங்கள்.

உள்ளே போனவர் கூப்பிட்டால் பதில் தரவில்லை என்றால் கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், துணி ஒன்றைப் போர்த்தி, திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். மானம் கருதி ஆள் வரட்டும் என்று ஒரு நிமிடம் தாமதித்தாலும் அது பெரிய இழப்பாக முடியலாம். 108-க்குப் போன் செய்து ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லுங்கள். கேஸ் கசியும் நாற்றம் இருந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

‘டைரக்ட்’ கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

மெக்கானிக் வரும்போது வீட்டில் ஆண்கள் இருப்பதில்லை. அவர் அரை மணி நேரத்தில் "சரி பண்ணிட்டேன்மா, சென்சார் போயிடுச்சு, டைரக்ட் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தண்ணீரும் சுடச்சுட வருகிறது. டைரக்ட் என்றால் என்ன? தடுப்பதற்கென்று வைத்த சென்சாரைப் பிரித்துவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிட்டார் என்று அர்த்தம். செம்பு அளவுக்கு மீறிச் சுட்டாலும் இனி கேஸ் நிற்காது. டைமரைப் பிரித்தால் 20 நிமிடத்தில் அணைய வேண்டியது அணையாது. சில நாள் கழித்து அசல் சென்சார் வாங்கிப் போடலாம் என்பார். அந்தச் சில நாள் வருவதே இல்லை. பெண்கள் இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம்: "டைரக்ட் வேண்டாம். பொருள் கிடைக்கும்வரை கீசரை மூடி வையுங்கள்." வேலை முடிந்ததும் தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். நீலமாக, ஆடாமல் எரிய வேண்டும். சுவரிலோ கீசரின் மேல்மூடியிலோ கருப்பு படிந்திருந்தால் உள்ளே திறந்து கரியைச் சுத்தம் செய்யாமல் அனுப்ப வேண்டாம். ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸில் அச்சடித்திருக்கும் ஆண்டையும் அவர் முன்னாலேயே பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும்.

ரப்பரும் சென்சாரும் மாற்றினால் கீசர் இன்னும் சில காலம் ஓடும். செப்புக் குழாயே ஒழுகினாலோ, சுத்தம் செய்தும் தீ மஞ்சளாகவே இருந்தாலோ அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வீட்டு உபயோக எல்.பி.ஜி. கீசருக்கான ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு நாம் சொல்வது, வெயில் இவ்வளவு அடிக்கும் ஊரில் சோலார் கீசரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் கீசரும் கணக்குப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. 15 லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக ஆகும். 2000 வாட் கீசரில் கால் மணி நேர வேலை. எர்த் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடைசியாக, பழைய கீசரை என்ன செய்வது? "ஓடுகிறவரை ஓடட்டும், யாராவது ஏழை வீட்டுக்குக் கொடுங்கள்" என்று அதை அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் வீட்டில் வேண்டாம் என்று கழற்றியதை, வெண்டிலேட்டரே இல்லாத இன்னொரு வீட்டில் மாட்டக்கூடாது. பழைய துணி, பாத்திரம், கட்டில், தையல் மிஷின் எல்லாம் வாங்கிக்கொள்கிறோம். பழைய கேஸ் கீசரை மட்டும் வாங்குவதில்லை. காயலான் கடையில் போடும்போது தகரத்தோடு தகரமாக எடை போட விடாதீர்கள். உள்ளே இருப்பது செம்பு. அதற்குத் தனி விலை கேட்டு வாங்குங்கள்.